ஸஜ்ஜாத் சேரின் புது மாணவி

ஸஜ்ஜாத் ஆசிரியரை இன்று எப்படியாவது தன்னோடு பேச வைத்துவிட வேண்டும் என்ற உறுதியோடுதான் ஜெஸ்மின் துறைமுக ஊழியர்களுக்கான மாலை ஆங்கில வகுப்பில் சேர்ந்திருந்தாள்.

"பெயர்ச்சொல்லின் இடத்தில் ஒரு துணைவாக்கியம் வர வேண்டும். உதாரணம் சொல்லுங்கள்," என்றார் அவர்.

ஜெஸ்மின் எழுந்து பிழையற்ற ஆங்கிலத்தில் சொன்னாள்: "நீங்கள் ஏன் என்மீது கோபமாக இருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியவில்லை."

வகுப்பே கொல்லென்று சிரித்தது. ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். "அடுத்தவர்!"

"நீங்கள் எப்போது சிரிப்பீர்கள் என்பதே என் கவலை," என்றாள் மறுபடியும்.

"தங்கச்சி, சேர் கலியாணம் முடிச்ச ஆள்!" என்று எச்சரித்தார் கிரேன் ஓட்டும் தாஹிர்.

"தெரியும் தாஹிர் நானா, என்னைத்தான் முடிச்சிருக்கார். வீட்டில கோவிச்சுக்கொண்டு வாயே திறக்கிறாரில்ல. இஞ்ச வந்தா கதைக்காம இருக்க ஏலாதே!"

"சரி, வீட்டுக்குப் போய்க் கதைப்பம்," என்று ஸஜ்ஜாத் சிரித்தேவிட்டார்.