சுத்தியல் தொடாமல்

நாலே நாலு அடி போட்டால் போதும். பழைய புஷ் கழன்று விழுந்துவிடும்.

அவன் சுத்தியலைத் தொடவில்லை.

பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது, எதையும் இடிக்கக் கூடாது. அவன் அம்மா போட்ட சட்டம். போன தடவை அதைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தவன் அவன்தான். சிரித்துக்கொண்டே சுவரில் அலமாரி மாட்டினான். இந்தத் தடவை தாடிகூட மழிக்கவில்லை. அது நெஞ்சு வரைக்கும் இறங்கி, பாதி கிரீஸாகிக் கிடந்தது.

காரின் இடது முன்சக்கரத்தைத் தாங்குகிற இரும்புக் கை, வாசலில் சாக்கின்மேல் இருந்தது. அதன் முனையில், அதிர்வை வாங்கிக்கொள்கிற புஷ். ஒரு குழாய்த் துண்டை வைத்து, நீளமான போல்ட்டை அதற்குள் கோத்து, நட்டைத் திருகித் திருகி வெளியே இழுத்தான். சத்தமே இல்லை. காலைப்பொழுது முழுக்க அதற்கே போயிற்று.

வந்துவிட்டது. அப்பாடா!

உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது. இரண்டு இரும்பு வளையம், நடுவில் கொஞ்சம் ரப்பர். அதுவும் பாதிக்குமேல் கிழிந்திருந்தது.

இதுவா?

இத்தனை வருடம் மலை ஏறியதும் இறங்கியதும், காப்பி மூட்டையும் கல்யாணக் கும்பலும், எல்லாம் இந்தத் துண்டு ரப்பரை நம்பியா? அம்மாடி!

தூக்கிப் போட மனசு வரவில்லை. சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

கீழே இறங்கும் பாதையில் ஒரு மதகு உண்டு. போன தடவை, ஆறாம் மாதத்தில், மனைவி தெய்வானையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனபோது வண்டி அந்த மதகில் ‘கடக்’ என்றது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கே எல்லாம் முடிந்துபோயிற்று.

வண்டியால் இல்லை என்று டாக்டரம்மா எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். இருக்கட்டும். அந்தச் சத்தம் இரண்டு பேர் காதிலும் விழுந்ததே, அதை என்ன செய்வது?

அதற்கப்புறம் அவள் இந்தக் காரில் ஏறவில்லை. பரிசோதனைக்கெல்லாம் பஸ்ஸில்தான் போய்வந்தாள். இப்போது ஒன்பதாம் மாதம். ராத்திரியில் வலி எடுத்தால் பஸ் ஏது?

புதுப் புஷ்ஷையும் அதே மாதிரி, சத்தமில்லாமல் ஏற்றினான். இரும்புக் கையை மாட்டினான். பல்லைக் கடித்துக்கொண்டு போல்ட்டை இறுக்கினான். பெருமை பிடிபடவில்லை. வத்தலக்குண்டு மெக்கானிக் சேசுராசுக்குப் போன் போட்டான், ஸ்பீக்கரில்.

“சக்கரம் அந்தரத்துல தொங்கையிலயா முறுக்குன? போச்சு போ! எறக்குனதும் ரப்பர் முறுக்கிக்கிட்டே கெடக்கும். சீக்கிரமே கிழிஞ்சிரும். தளத்தி விடு. வண்டிய எறக்கி நிறுத்தி, வழக்கமா ஏறுற ஆளுகள ஏத்தி ஒக்கார வையி. அப்பறம் இறுக்கு. எந்தக் கனத்தத் தாங்கப் போகுதோ, அத ரப்பர் மொதல்ல பாக்கணும்டா.”

வாசற்படியில் நின்று தெய்வானை கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஏறி உட்காரச் சொல்லி அவளிடம் எந்த வாயால் கேட்பது?

போல்ட்டைத் தளர்த்தினான். முன்சக்கரங்களைப் பட்டியக்கல்மேல் ஏற்றி நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தான். தன் சீட்டில் ஒரு உரமூட்டையை வைத்தான். அவள் சீட்டுக்கு இன்னொரு மூட்டையைத் தூக்கினான்.

“அத எறக்குங்க. நான் என்ன யூரியாவா?”

ஸ்டூலில் கால் வைத்து, கதவைப் பிடித்து, அவளே ஏறினாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தாள்.

கீழே மல்லாந்து படுத்திருந்தவனின் கண்ணுக்கு நேரே கார் துளி தாழ்ந்தது. ரப்பர் மெல்ல நெளிந்தது. தன் இடம் பார்த்து அமர்ந்தது.

ஒரு சாண் தூரத்தில், மேலே, இரண்டு உயிர்.

“ஏங்க... உதைக்குது.”

“எங்க?”

“கீழதான். ஒங்க பக்கம்.”

கண் கலங்கிவிட்டது. போல்ட் இருக்கிற இடமே தெரியவில்லை. புறங்கையால் துடைத்துவிட்டு, ஸ்பேனரை இரண்டு கையாலும் பிடித்து இறுக்கினான்.

அவள் இறங்கவில்லை.

“மதகு வரைக்கும் போய்ப் பாத்துருவோம்,” என்றாள்.

மூட்டையை இறக்கி, கட்டைகளை உருவிவிட்டு அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தான். அவள் இரண்டு கையாலும் வயிற்றை அணைத்துக்கொண்டாள். கண்ணைத் திறக்கவே இல்லை.

மதகு வந்தது. ஈசனே என்று விட்டான். சக்கரம் ஏறியது, இறங்கியது.

மேட்டோரத்தில் ஏதோ ஒரு குருவி கத்தியதுகூடக் கேட்டது.

கொஞ்ச தூரம் போனார்கள்.

“மதகு வந்தா சொல்லுங்க,” என்றாள் அவள்.

அவன் சொல்ல வாயெடுத்தான். பக்கக் கண்ணாடியில் மதகின் வெள்ளைக் கட்டைச்சுவர் சின்னதாகிக்கொண்டே போனது.