கிரீச்சிட்ட பெஞ்சு

குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் ஜெபக் கூடத்துப் பல்லி சொன்ன இந்தக் கதையை நான் பல வருடங்களாக நம்பவில்லை.

அந்தக் கூடத்தில் பீடம் கிடையாது, போதகர் கிடையாது. எல்லோரும் மௌனமாக உட்கார்ந்திருப்பார்கள். உள்ளிருக்கும் ஒளி தூண்டினால் யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம்.

முன்பெஞ்சு ஒருநாளும் முனகியதில்லை. பின்பெஞ்சோ யார் அசைந்தாலும் கிரீச்சிடும். அதை உடைத்து விறகாக்கிவிடலாம் என்று சபையார் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"என்னைப் பார்த்தாவது புனிதம் கற்றுக்கொள்ளடா. வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாதா உனக்கு?" என்றது முன்பெஞ்சு.

"மூடத்தான் பார்க்கிறேன் அண்ணே. உட்காருகிறவர்கள் நடுங்கினால் எனக்கும் நடுக்கம் வந்துவிடுகிறதே."

ஒரு ஞாயிறு, மகனைப் பறிகொடுத்த சலோமி பின்பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். அவள் உடல் குலுங்கியது. பெஞ்சு பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தது; முடியாமல் அலறிவிட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

சலோமி எழுந்தாள். "சாப்பாட்டுக்கு இன்னமும் அவனுக்கும் சேர்த்து இரண்டு தட்டுதான் வைக்கிறேன்," என்றாள்.

ஒவ்வொருவராக எழுந்து போய் அவள் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பெஞ்சு விடாமல் கிரீச்சிட்டது. விறகுப் பேச்சை அதன்பிறகு யாரும் எடுக்கவில்லை.

முன்பெஞ்சில் ஒரே ஒருவர் மட்டும் கண்ணை மூடியபடி, வெகு புனிதமாக, கடைசிவரை உட்கார்ந்திருந்தாராம்.

அன்று நானும் கூடத்தில்தான் இருந்தேன். அப்படி எதுவும் நடந்ததாக எனக்குத் தெரியாது.

போன வாரம் உத்தரத்தில் பல்லியைப் பார்த்ததும், என் தலையைத் தடவிக்கொண்டே கேட்டுவிட்டேன்:

"மேலேயிருந்து பார்த்தாயே, முன்பெஞ்சில் இருந்த அந்த ஆளுக்கு உச்சியில் வழுக்கையா?"