தீவில் விழுந்த ஓட்டு

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, எங்கள் விக்டோரியா ஏரிக்கரையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

எங்கள் கென்யாவில் கவுண்டி என்கிற மாவட்டத்துக்கு ஆளுநரை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்போம்; அந்தப் பதவிக்கு மீனவன் ஒகோலா நின்றது அது மூன்றாம் தடவை. ஓட்டு எண்ணும் அன்று அவன் வீட்டில் மீனைப் பிய்த்துத் தின்றபடி நண்பன் ஒவிடி கேலி செய்தான்.

"சொந்த ஊரே உனக்குப் போடல. படகை வித்துட்டு எதுக்குடா நிக்கிறே?"

"ஏரி நடுவுல இருக்கிற தீவுலேர்ந்து சேதி வந்துச்சா?"

"அங்க நீ ஓட்டுக் கேட்கவே போகலையே, எவன் போடுவான்?"

போன் அடித்தது. தீவு ஓட்டுச்சாவடியிலேயே ஓட்டு எண்ணுவதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒவிடியின் தம்பி பேசினான். கேட்டுவிட்டு ஒவிடி சிரித்தான்.

"அதிகாரி சீட்டைத் தூக்கிக் காட்டி உன் பேரைச் சொன்னாராம். ஒரே ஒரு ஓட்டு. எந்தப் பைத்தியம்டா அது?"

ஒகோலா ஜெயித்தவன் மாதிரி முகம் மலர்ந்தான். "அவினோ."

ஒவிடியின் சிரிப்பு நின்றது. ஒகோலாவுக்குப் பேசி வைத்திருந்த அவினோவை, பெண்ணுக்குப் பரிசமாக மாடு அதிகம் தந்த தீவுக்காரனுக்குக் கட்டிக்கொடுத்து இருபது வருஷமாகிறது.

"இன்னொருத்தன் பெண்டாட்டிகிட்ட, என் நெனப்பு இருக்கானு எப்படிடா கேட்கிறது? அதான் அஞ்சு வருஷத்துக்கு ஒருதடவை இப்படிக் கேட்டுக்கிறேன்."

உங்கள் வீட்டில் யாரும் யாரையும் தூரத்திலிருந்து நினைத்து ஏங்காமல், எல்லோரும் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடட்டும், கண்ணுகளா.