வரையாத இடம்

“உயிரோட இருக்கான்! செத்துப் போயிட்டான்னு சொன்னவங்க வாயில எல்லாம் மண்ணு!”

கண்காட்சிக் கூடத்தில் இருந்த அத்தனை தலைகளும் திரும்பின. அக்கா எதையும் கவனிக்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த மரப்பட்டை ஓவியத்தைத் தொடாத குறையாக நின்றுகொண்டிருந்தாள்.

ஓவியத்தில் ஒரு பெரிய மரத்தடியில், மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவன் சிரித்துக்கொண்டு நின்றான். பழங்குடிப் பெண் வரைந்த காட்டுப் படத்தில் மூக்குக்கண்ணாடிக்கு என்ன வேலை? அது கிடக்கட்டும், நீட்டியிருந்த இடது கையில் ஆறு விரல். கண்ணாடியும் ஆறாம் விரலுமாகக் காட்டுக்குள் திரிய, அவள் தம்பியை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

மழைக்காட்டை வெட்ட வருகிறவர்களைத் தடுக்கப் போகிறேன் என்று மூன்று வருடங்களுக்கு முன்னால் கிளம்பியவன். முதலில் எப்போதாவது போன் வந்துகொண்டிருந்தது, பிறகு அதுவும் நின்றது. அக்கா ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. ஊர் அவனுக்குத் தலைமுழுகிவிட்டது. அம்மா மட்டும், வந்தால் தட்டிக்கொண்டு நிற்கக் கூடாதே என்று இன்றுவரை வாசல் கதவுக்குத் தாழ் போடுவதில்லை.

கண்காட்சி நடத்துகிறவர் ஓடி வந்தார். வாசலில் ‘வாழும் காடு’ என்று ஆளுயரப் பலகை வைத்த புண்ணியவான் அவர்தான்.

“மெதுவா மேடம், படத்துல கை பட்டுடப் போகுது. வரைஞ்சவங்க அதோ நிக்கிறாங்க, காட்டுல இருந்தே வந்திருக்காங்க. இதுல வர்ற காசெல்லாம் காட்டைக் காப்பாத்தத்தான். என்ன வேணுமோ அவங்களையே கேளுங்க.”

அவர் காட்டிய இளம்பெண்ணை, கழுத்தில் கேமரா மாட்டிய ஒருவர் பிடித்துவைத்திருந்தார்.

“இந்த நீலப் பறவையை எந்தப் பக்கம் போனா பாக்கலாம்?”

“இப்ப பாக்க முடியாது சார்.”

“இந்த வாய் நீண்ட மீன்?”

“அதுவும்தான்.”

“ஓ, சீசன் இல்லையா? அடுத்த தடவை பாத்துக்கலாம்!” என்று அவராகவே தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு நகர்ந்தார்.

அக்கா அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். “இவனை உனக்குத் தெரியுமா? இது என் தம்பிம்மா. கூடப் பிறந்தவன்.”

அந்தப் பெண் அக்காவின் முகத்தையே பார்த்தாள். நெற்றி, மூக்கு, முகவாய் என்று அவள் கண்கள் எதையோ தேடி அலைந்தன. “ஆறாவது விரலை வெட்டிடுவேன்னு மிரட்டுற அக்கா... நீங்கதானா?”

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. “அதையுமா சொன்னான்? என் பென்சிலைத் திருடினா மிரட்டாம கொஞ்சவா செய்வாங்க! அது சரி, எங்க பேச்சு உனக்கு எப்படி இவ்வளவு நல்லா வருது?”

“அவர்தான் சொல்லிக்குடுத்தார்.” அந்தப் பெண்ணின் குரல் இறங்கியது. “நான் உங்ககிட்ட ஒண்ணு...”

அவள் சொல்லி முடிப்பதற்குள் அக்கா போனைக் காதில் வைத்துவிட்டாள்.

“அம்மா! பையன் கிடைச்சுட்டாம்மா! இல்லம்மா, படத்துல. அந்தக் காட்டு ஜனங்கதான் வரைஞ்சிருக்காங்க. முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிக்கிறான், கொஞ்சம் சதைகூடப் போட்டிருக்கான். அழாதம்மா, நானே போய்க் காதைப் பிடிச்சு இழுத்துட்டு வரேன்.”

“நீ போனை வைடி,” என்றது அம்மாவின் குரல், அழுகையை விழுங்கிக்கொண்டு. “அவன் ரூம்ல கண்டதையும் போட்டு அடைச்சு வச்சிருக்கோம். நான் முதல்ல அதைக் கூட்டிப் பெருக்கணும்.”

மூன்று வருடங்களில் அம்மா இப்படிப் பேசி அக்கா கேட்டதில்லை. நெஞ்சு நிறைந்து மறுபடி ஓவியத்தின் பக்கம் திரும்பினாள்.

அப்போதுதான் அது கண்ணில் பட்டது. பட்டை முழுக்க இண்டு இடுக்கு விடாமல் இலை, பறவை, மீன், மனிதர்கள். எல்லாமே கண்ணை அகல விரித்துக்கொண்டு, பார்க்கிறவர்களையே பார்த்தன. தம்பியின் பக்கத்தில் மட்டும் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு வெறும் பட்டை. அவனுடைய ஆறு விரல் கை, அங்கே இல்லாத ஒரு கையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அக்கா அந்த வெறும் பட்டையை விரலால் காட்டினாள்.

“என்னம்மா இது? ஒரு இலை விடாம எல்லாத்தையும் வரைஞ்சிருக்க. இவன் பக்கத்துல மட்டும் ஏன் சும்மா விட்டுட்ட?”

அந்தப் பெண் அக்காவின் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டாள். இவ்வளவு நேரம் அடக்கிவைத்திருந்த கண்ணீர் பொலபொலவென்று உதிர்ந்தது.

“அது என் இடம், அண்ணி. இன்னும் உயிரோட இருக்கிற ஆளை இந்தப் பட்டையில எப்படி வரையறது?”