டிகிரிக்குப் பத்து மார்க்

ஈப்போ டயாலிசிஸ் நிலையத்தில் காலியானது ஒரே இடம். பெயர் மறைத்த இரண்டு விண்ணப்பங்களுக்கும் லூயிஸ் மார்க் போட்டுக்கொண்டிருந்தபோது, கதவில் ஒட்டியிருந்த மார்க் விதிகளைக் கிழித்துக்கொண்டு சரளா உள்ளே வந்தாள்.

"டிகிரிக்குப் பத்து மார்க். ரப்பர் தோட்டத்துல பால் வெட்டுனவங்களுக்கு முட்டையா, அங்கிள்?"

"இருக்கிறது ஒரு மெஷின்லா. இருபத்து நாலு வயசுப் பொண்ணு இன்னும் நாப்பது வருஷம் இருக்கும். அறுபத்தெட்டு எத்தனை நாளைக்கு?"

"அந்த அறுபத்தெட்டு வயசுக் கருப்பம்மாள் என்ன பால் வத்துன ரப்பர் மரமா, வெட்டிட்டுப் புதுசு நட? அவங்கதான் முதல்ல எழுதிக் கொடுத்தாங்க. எட்டு மாசமாக் காத்திருக்காங்க."

"அம்மா மேல பாசம், புரியுது. அந்தப் பொண்ணையும் கொஞ்சம் நெனச்சுப் பாரும்மா."

"அவங்க எங்கம்மா இல்ல."

சரளாவின் கால்கள் வீங்கியிருந்ததை லூயிஸ் அப்போதுதான் கவனித்தார்.

"அந்தப் பொண்ணு நான்தான்."