வெந்தயம் போட்ட கூழ்

குளியலறைக் கதவைத் தாழிடும் சத்தம் கேட்டதும் பிரிட்டோ சட்டைப் பையிலிருந்து மாத்திரையை எடுத்தான். கரண்டியின் பின்பக்கத்தால் அதை நசுக்கிப் பொடியாக்கி, மனைவியின் டம்ளரில் இருந்த கேழ்வரகுக் கூழில் கொட்டிக் கலக்கினான். அந்த நேரத்தில் யாராவது ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தால் போலீசுக்கே போன் போட்டிருப்பார்கள்.

திருமுடிவாக்கத்துப் பட்டறையில் லேத் ஓட்டுகிற கை அது. இரும்பைக் கடையும்போது மயிரிழை பிசகாத கை, இந்த ஒரு வேலையில் மட்டும் தினமும் கொஞ்சம் பொடியைச் சிந்தியது.

முதல் தடவை கலந்த அன்று ஜாஸ்மின் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "இன்னாங்க, கூழ் ஒரே கசப்பா கீது?" என்று கேட்டாள்.

"வெந்தயம் போட்டிருக்கேன். ஒடம்புக்கு நல்லது."

அதற்கப்புறம் அவள் அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. புருஷன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டாள் போல. அதுதான் பிரிட்டோவை அரித்துத் தின்றது.

போன வருஷம் ஜாஸ்மினுக்கு மனசு சரியில்லாமல் போனது. யாரோ தன்னைக் கொல்லப் பார்க்கிறார்கள் என்று ராப்பகலாய் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடைசியில் கட்டினவன் மேலேயே சந்தேகம் வந்து, "சோத்துல இன்னாத்தையோ கலக்குறீங்க" என்று தட்டைத் தள்ளிவிட்டாள்.

பிரிட்டோ பைபிள் மேல் கையை வைத்தான். "ஒண்ணும் கலக்கல ஜாஸ்மின். எப்பவும் கலக்க மாட்டேன்." அந்தச் சத்தியத்துக்குப் பிறகுதான் ஒரு வாய் சாப்பிட்டாள்.

டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரைகளோ தெருவில் போய் விழுந்தன. "சுகர், பிரஷர் மாதிரிதான் பிரிட்டோ இதுவும். விடாம சாப்பிடணும்" என்றார் தாம்பரத்து டாக்டர். "இப்போதைக்கு சாப்பாட்டுல கலந்து குடுங்க. தெளிஞ்சதும் அவங்ககிட்ட சொல்லிடணும்."

சத்தியம் செய்த ஈரம் காய்வதற்குள் பிரிட்டோ கலக்க ஆரம்பித்தான்.

ஜாஸ்மின் தேறினாள். தூங்கினாள், சிரித்தாள், ப்ளே ஸ்கூல் வேலைக்குத் திரும்பவும் போனாள். மாத்திரை வாங்கப் போகும்போதெல்லாம் டாக்டர், "சொல்லிட்டீங்களா?" என்று கேட்பார். "அடுத்த வாரம் சொல்லிடறேன் சார்" என்று இவன் தலையைச் சொறிவான்.

எந்த வாயால் சொல்வது? சொன்னால் இவன் கையால் பச்சைத் தண்ணீர்கூட வாங்க மாட்டாள், மாத்திரையும் நின்றுபோகும், மறுபடியும் அந்த கேட்டுதான். சொல்லாவிட்டால், நோயில் அவள் சொன்ன பழியைத் தினமும் காலையில் நிஜமாக்குகிற பாவி இவன்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. டம்ளரை மேஜையில் வைத்துவிட்டுக் கரண்டியைக் கழுவத் திரும்பினான். அதற்குள் மாடி வீட்டு பிளஸ்ஸி மீன் பையோடு உள்ளே வந்துவிட்டாள்.

"இன்னா வெயிலு, தொண்டையே காஞ்சி பூட்ச்சு" என்றபடி நேராக அந்த டம்ளரைத் தூக்கினாள். பிரிட்டோ கரண்டியைப் போட்டுவிட்டுத் திரும்பினான்.

குளித்துவிட்டு வெளியே வந்த ஜாஸ்மின், ஈரத் தலையோடு ஓடிவந்து டம்ளரைப் பிடுங்கினாள். "அது என்னுதுக்கா. உங்களுக்கு வேற கரைச்சுத் தரேன்."

பிளஸ்ஸியின் முகம் சுருங்கிவிட்டது. "எல்லாம் ஒரே பானைக் கூழ்தானடி? ஒரு வாய் குடிச்சா கொறஞ்சா பூடும்?"

"அது வேணாங்க்கா" என்றாள் ஜாஸ்மின். ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

"புருஷன் கையால குடுத்தாத்தான் எறங்குமோ?"

"ஆமாக்கா. அவரு இன்னா குடுத்தாலும் கண்ண மூடிகினு குடிப்பேன்."

பிரிட்டோ அடுப்படிக்குத் திரும்பிக் கரண்டியைக் கழுவினான். வீடு தேடி வந்தவளுக்கு ஒரு வாய் கூழ் கொடுக்கக்கூட மனசு வராத அளவுக்கு இன்னும் ஊரையே சந்தேகப்படுகிறாள், பாவியான என்னை மட்டும் நம்புகிறாளே என்று நினைத்தான். தன்னை நினைக்கவே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

மறுநாள் காலை. குளியலறைத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது, கை பழக்கத்தில் மாத்திரையை எடுத்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றவன் மறுபடியும் பையிலேயே போட்டுக்கொண்டான். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும். மூடி மறைத்து இனி ஒரு பொடியும் கலப்பதில்லை.

ஜாஸ்மின் வந்து உட்கார்ந்தாள். வெறும் கூழை அவள் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தான். அலமாரியில் அதே பைபிள் இருந்தது.

"ஜாஸ்மின், உன்னாண்ட ஒண்ணு சொல்லணும்..."

"சொல்லுங்க" என்று டம்ளரை எடுத்தாள். அவன் உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

ஜாஸ்மின் ஒரு வாய் குடித்தாள். நிறுத்தினாள். இன்னொரு வாய் எடுத்து, நாக்கில் வைத்து மெதுவாக விழுங்கினாள். பிறகு அவனை நிமிர்ந்து பார்த்து, டம்ளரை அவன் பக்கமாக நகர்த்தினாள்.

"கசக்கலையேங்க. இன்னிக்கு மாத்திரை போட மறந்துட்டீங்களா?"