குறுக்கிடப்பட்ட அழைப்பு

திரையில் அந்த ஒரு படகு மட்டும் சிவப்பிலேயே இருந்தது.

மற்றவை எல்லாம் பச்சை. காற்று எச்சரிக்கை வந்ததும் ஒவ்வொன்றாகக் கரையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டிருந்தன.

அவன் நாற்காலியை மேசையோடு இழுத்துப் போட்டுக்கொண்டான். தூத்துக்குடி துறைமுகத்தில் விசைப்படகுக்காரர்கள் சங்கத்தின் அறை அது. படகுகளில் உள்ள கருவிகள் அனுப்பும் இடத்தகவலை வாங்கித் திரையில் காட்டும் நிரல் அவன் எழுதியது. தகவல் நின்றால் படகு சிவப்பாகும்.

எதிர் பெஞ்சில் அமலோற்பவம். சிவப்புப் படகை ஓட்டிப்போன மிக்கேலின் மனைவி.

இறால் உரிக்கும் இடத்திலிருந்து அப்படியே எழுந்து வந்திருந்தாள். விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. திரையைப் பார்க்கவில்லை. அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வயர்லெஸ்ஸில் கூப்பிட்டுப் பார்த்தாயிற்று. எட்டவில்லை. கடலோரக் காவல் படைக்குச் சொன்னார்கள். எந்தப் பக்கம் தேட என்று அவர்கள் கேட்டார்கள்.



எச்சரிக்கை வந்த அதே நொடியில் அந்தப் படகு பேச்சை நிறுத்தியிருந்தது.

நிரலின் பதிவைத் திறந்தான். படகு சிவப்பான இடத்தில் ஆங்கிலத்தில் ஒரே வரி.

இன்டரப்டட் சிஸ்டம் கால். குறுக்கிடப்பட்ட அழைப்பு.

எத்தனையோ தடவை கண்ணில் பட்ட வரிதான். ஏதோ பிழை, தொடர்பு போச்சு என்று தாண்டிப் போயிருக்கிறான். இன்று தாண்ட முடியவில்லை. கையேட்டை எடுத்து மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக வாசித்தான்.

தொடர்பு அறுந்தது என்று அதில் எங்குமே இல்லை.

நிரல் அந்தப் படகுக்குக் காது கொடுத்துக் காத்திருந்திருக்கிறது. அந்த நேரம் பார்த்து எச்சரிக்கை வந்து தோளைத் தட்டியிருக்கிறது. நிரல் திரும்பிப் பார்த்தது. கேட்பது பாதியில் நின்றது.

அவ்வளவுதான். மறுபடி போய்க் காது கொடுத்தால் போதும்.

அவன் எழுதியிருந்தது வேறு. எதற்காக வெறுங்கையோடு திரும்பினாலும் சரி, படகு போயிற்று, கதவைச் சாத்து.

மிக்கேல் பேசிக்கொண்டுதான் இருக்கிறார். இங்கேதான் கேட்க ஆள் இல்லை.

அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தான். அப்படித்தானா என்று தெரியவில்லை.

நிரலை மாற்றினான். குறுக்கீடு என்றால் மறுபடி கேள். ஓர் எழுத்து பிசகிப்போய், அழித்துவிட்டு அடித்தான். நிரலை நிறுத்தித் திரும்ப ஓட்டினான்.

எல்லாப் படகுகளும் சிவப்பாகின.

அமலோற்பவம் எழுந்துவிட்டாள்.

"மொதல்ல அப்படித்தான்க்கா வரும். உக்காருங்க."

அவள் உட்காரவில்லை.

ஒன்று பச்சையானது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு மளமளவென்று வரிசையாக.

பிறகு கொஞ்ச நேரம் எதுவும் இல்லை.

கடைசியில், மற்றவற்றை விட்டு வெகு தெற்கே ஒரு பச்சைப் புள்ளி. காற்று தள்ளிக்கொண்டு போயிருக்கிறது. ஆனால் கரையைப் பார்த்துத்தான் வந்துகொண்டிருந்தது.

அவன் விரலால் தொட்டுக் காட்டினான். காவல் படைக்கு இடத்தைச் சொல்லி முடித்தபோது அவள் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முந்தானை முகத்தில் இருந்தது. வெகுநேரம் அங்கேயே இருந்தது.

பிறகுதான் வாய் திறந்தாள்.

"காலைல சண்ட, தம்பி. தட்டுல போட்டது அப்படியே இருக்கு. சாப்பிடாம எறங்கிப் போய்ட்டாவ."

அவன் சற்று யோசித்தான். படகுக்குச் சின்னதாகச் செய்தி அனுப்ப முடியும் என்றான்.

"என்ன போடட்டும்க்கா?"

அவள் தரையைப் பார்த்தாள்.

"சாப்ட்டாவளான்னு கேளுங்க. நான் வந்தேன்னு சொல்லிராதீங்க."

சங்கத்திலிருந்து எந்தப் படகையும் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவன் கேட்டான்.

மிக்கேலிடமிருந்து பதில் வந்தது. வாசித்துவிட்டுத் திரையை அவள் பக்கம் திருப்பினான்.

அழுதாளா?

அவள் வாசித்தாள். இன்னொரு தடவை வாசித்தாள்.

"இல்லன்னு போடுங்க" என்றாள்.

அவள் முந்தானை இன்னும் ஈரமாகவே இருந்தது. அவன் கை விசைப்பலகையின் மேலேயே நின்றது.